ஒரே ஒரு ராத்திரி, கூட்டமில்லாத கடற்கரை: டெல்டாவில் எங்கே தங்குவது?

கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறில் ஆரம்பித்து சேதுபாவாசத்திரம் வரைக்கும், டெல்டாக்காரர்களுக்குக் கடற்கரைக்குப் பஞ்சமே இல்லை. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ காலையில் பஸ் ஏறினால், கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் மத்தியானத்துக்குள் உப்புக்காற்று முகத்தில் அடித்துவிடும். ஆனாலும், "ஒரு ராத்திரி தங்கி, சத்தமில்லாமல் கடலைப் பார்த்துவிட்டு வரணும், எங்கே போகலாம்?" என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. வருகிற பதிலும் பெரும்பாலும் "வேளாங்கண்ணி போய்ட்டு வாங்களேன்" என்பதுதான். கேட்டவர் கேட்டது அமைதியை. அங்கே கிடைப்பது கடைத்தெரு.

முதலில் ஒன்றை யோசிக்க வேண்டும். பகலில் கடல் பார்க்க ராத்திரி தங்கத் தேவையில்லை. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அறை வாடகை கொடுப்பது இரண்டே வேளைக்காகத்தான். சுண்டல் விற்கிறவர் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பின பிறகு வருகிற ஏழு மணி, எட்டு மணி ஒன்று. ஊர் எழுந்திருக்கும் முன் வருகிற ஐந்தரை மணி இன்னொன்று. இந்த இரண்டு வேளையும் கடலோரத்தில் இருக்க முடியாதென்றால் தங்கினதற்கு அர்த்தமே இல்லை. அதனால் எந்தக் கரை அழகு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். கட்டிலிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்பது முதல் கேள்வி. நடந்து போகிற தூரமா, இருட்டில் வண்டியை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டுமா?

சிக்கலும் இங்கேதான். அமைதியான கரையில் அறை இருக்காது. அறை இருக்கிற கரையில் அமைதி இருக்காது. டெல்டாவின் ஒவ்வொரு கடற்கரையும் இந்த முடிச்சை ஏதோ ஒரு விதத்தில் அவிழ்க்கிறது, அல்லது அவிழ்க்காமலே விட்டுவிடுகிறது.

இரண்டு கடல்

வரைபடத்தில் பார்த்தால் கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே மடங்குவது தெரியும். அந்த மூலைக்கு வடக்கே இருப்பது திறந்த வங்கக் கடல். பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் அதில் சேர்த்தி. அலை உண்டு, இரைச்சல் உண்டு, கால் புதைகிற மணல் உண்டு. நாலு எட்டு வைத்ததும் கால் நிலைக்காமல் போகிற இடங்களும் உண்டு. மூலையைத் தாண்டினால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைவு. அலை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. மணலைவிடச் சேறு அதிகம். பல நாட்களில் பெரிய ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான் இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் ஏமாற்றம்தான். அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்க ஆசைப்படுகிறவருக்கு மல்லிப்பட்டினத்தை ஒட்டியிருக்கிற மனோரா பக்கம் ஒன்றுமே கேட்காது. ஐந்து வயதுப் பிள்ளையைப் பூம்புகாருக்குக் கூட்டிப்போகிறவர் அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தபடியே சாயங்காலத்தைக் கழிக்க வேண்டும்.

வங்கக் கடல் பக்கம் சூரியன் கடலில் உதிக்கும், நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் மறையும். நாலரை மணிக்கே வெயில் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவதால் கண் கூசாமல் உட்கார்ந்திருக்கலாம். கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மேற்குக் கரைக்கு டிக்கெட் எடுப்பதே நல்லது.

சீக்கிரம் தள்ளிவிடக் கூடியவை

வேளாங்கண்ணியில் லாட்ஜுக்குக் குறைவில்லை. ரயில் ஊருக்கே வருகிறது, எந்த நேரமும் சாப்பாடு கிடைக்கும். மாதாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட வசதியான ஊர் இந்தக் கரையில் கிடையாது. ஆனால் கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற தெரு முழுக்கக் கடை. பொரித்த மீன் வாசமும் பொம்மை ஊதல் சத்தமும் ராத்திரி வெகுநேரம் ஓயாது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் நாகப்பட்டினம், நாகூர் வரைக்கும் அறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

காரைக்காலில் நல்ல ஓட்டல்கள் இருக்கின்றன. அரசலாற்றை ஒட்டியே கடற்கரைக்குப் போகிற சாலையில் குடும்பத்தோடு நடக்க நன்றாக இருக்கும். ஆனால் அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. சனி, ஞாயிறுகளில் எல்லை தாண்டி வருகிற கூட்டத்தில் பாதிப்பேருக்குக் கடல் ஒரு சாக்கு. பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று நினைப்பவர்களுக்கு நண்டலாற்றுச் சோதனைச் சாவடி இருக்கிறது. அமைதிக்குக் காரைக்கால் வேண்டாம். அறைக்கு மட்டும் அதை வேறு மாதிரி பயன்படுத்தலாம், அது கீழே.

பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் அலையாத்திக் காடுகள். படகில் போய் வர அருமையான இடங்கள். ஜாம்புவானோடையிலிருந்து காயலுக்குள் போகிற அந்தப் பயணத்தை யாருக்கும் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் மணலில் காலை நீட்டி உட்காருகிற கடற்கரை தேடுகிறவருக்கு அவை சரிவராது. காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுங்கள்.

பூம்புகார்: பகலோடு சரி

பெயரைக் கேட்டாலே போகத் தோன்றுகிற ஊர். காவிரி கடலில் சேருகிற இடம். 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், ஏழு நிலை மாடம், சுவரெல்லாம் கண்ணகி கதை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறையாவது இங்கே புளிசாதம் சாப்பிடாதவர் மாயவரம் பக்கத்தில் இருக்க மாட்டார்.

முகத்துவாரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மனதைத் தயார்படுத்திக்கொண்டு போவது நல்லது. குடகில் பிறந்து, மேட்டூரை நிரப்பி, கல்லணையில் பிரிந்து வருகிற நதி இங்கே ஒரு வாய்க்கால் அகலத்துக்கு ஒடுங்கிப்போயிருக்கும். வெள்ளத் தண்ணீரெல்லாம் கொள்ளிடம் வழியாகப் போய்விடுகிறது. பாசன ஆறுகளும் வாய்க்கால்களும் பங்கு போட்டுக்கொண்டது போக மிச்சம்தான் இங்கே வருகிறது. தண்ணீர் வராத மாதங்களில் மணல் திட்டு வாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். எனக்கு என்னவோ அந்தக் காட்சி பிடிக்கும். ஒரு நதி எவ்வளவு வயலுக்குப் பாய்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடக் கண்கூடான கணக்கு வேறில்லை. அகண்ட காவிரியை எதிர்பார்த்து வருகிறவர்கள் முகம்தான் சுருங்கும்.

கடற்கரையில் அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்லில் பாசி பிடித்து வழுக்கும், இழுப்பும் அதிகம். குளிக்கிற ஆசையை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். தங்குவதற்கு? சங்கும் சிப்பியுமாக வடிவமைத்த சுற்றுலாக் குடில்கள் இந்த ஊருக்கு ஒரு காலத்து அடையாளம். அவற்றை நம்பிக்கொண்டு குழந்தை குட்டிகளோடு சாயங்காலம் போய் இறங்கக் கூடாது. நிச்சயமான அறை என்றால் சீர்காழி, அல்லது மாயவரம். இரண்டுமே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து, வயல் நடுவே இருட்டுச் சாலையில் வண்டி ஓட்டி, சூரிய உதயம் பார்த்துவிட்டு, திரும்பவும் அதே தூரம். அதற்கு வீட்டிலேயே படுத்துத் தூங்கலாம்.

ஆக, பூம்புகார் போகிற வழியில் பார்க்கிற இடம். காலையில் கலைக்கூடம் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெற்கே தரங்கம்பாடிக்கு இறங்குவது நல்ல திட்டம்.

தரங்கம்பாடி: கட்டிலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெரு

என் தீர்ப்பு இதற்குத்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வங்கக் கடல் ஓரத்தில், அறையிலிருந்து செருப்புப் போடாமல் நடந்தே கடலைத் தொடலாம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கியும் இருக்கும் என்ற இரண்டும் சேர்ந்து டெல்டாவில் இங்கேதான் கிடைக்கிறது.

இதற்குக் காரணம் ஊரின் அமைப்பு. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இது. கோட்டைக்கு முன்னால் மைதானம், மைதானத்தை ஒட்டிக் கடல். 1792-இல் கட்டின நகர வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலில் போய்த்தான் முடிகிறது. அந்தத் தெருவிலேயே 1701-இல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம். 1706-இல் கப்பலில் வந்து இறங்கி, தமிழ் படித்து, இங்கேயே அச்சகம் வைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறையும் அங்கேதான். 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அதன்பின் வியாபாரம் நாகப்பட்டினத்துக்கும் வேறு துறைகளுக்கும் போய்விட, இந்த ஊர் அப்படியே நின்றுபோனது. மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் 1986-இல் நின்றது. ஊருக்கு நஷ்டம். ஒரு ராத்திரி தங்க வருகிற நமக்கு அதுவே லாபமாகிவிட்டது.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, முன்பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது பாறாங்கல் அரண் போட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லில் மோதுகிற அலைக்குச் சத்தம் அதிகம்; அந்தப் பக்கம் அறை எடுத்தால் ராத்திரி முழுக்கக் கேட்கும். சிலருக்கு அதுதான் வேண்டும், சிலருக்குத் தூக்கம் போய்விடும். குளிக்கக் கல் பக்கம் போகாதீர்கள். கோட்டைக்கு எதிரே மணல் இருக்கிற இடத்தில் முழங்கால் வரைக்கும் நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

விடிந்ததும் மீனவர் குடியிருப்புப் பக்கம் மெதுவாக நடந்து பாருங்கள். கரைக்கு வந்த ஃபைபர் படகிலிருந்து வலையை இறக்கி மணலில் போட்டு, நாலைந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து நண்டு கழற்றிக்கொண்டிருப்பார்கள். கொடுக்குப் பக்கம் கையை விடாமல், பின்பக்கமாக முதுகோட்டை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு காலாக நூலிலிருந்து விடுவிக்கிற வேலை. அவசரப்பட்டால் வலை அறும், இல்லாவிட்டால் விரல் கிழியும். பக்கத்தில் நெத்திலியையும் கிழங்கானையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், சமைத்துக் கொடுக்க இடம் பார்த்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். "படம் எடுக்கலாமா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. விரித்து வைத்த வலையைச் செருப்புக் காலோடு தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு எரிச்சல் வரும், நியாயம்தானே.

இங்கே ஓசோன் காற்று வீசுகிறது, உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. தரைமட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் நெஞ்சுக்குக் கெடுதல்தான். காற்று நன்றாக இருக்கிறது என்பது உண்மை, அதற்குக் காரணம் கடல் பக்கத்தில் இருப்பதும் புகை விடுகிற வண்டி குறைவாக இருப்பதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மைதானத்தை ஒட்டியே இருக்கிற பழைய கலெக்டர் பங்களாவில் தங்கினால் கடல் காலடியில், ஆனால் வாடகை நம்மைப் போன்றவர்களுக்குக் கல்யாண நாள் மாதிரி ஏதாவது ஒரு காரணம் இருந்தால்தான் கட்டுப்படியாகும். மற்ற அறைகள் குறைவு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் தேர்வு அதிகமில்லை. பக்கத்திலிருக்கும் பொறையாருக்குப் போனால் கிடைக்கும், அதுவும் ஒன்பதுக்குள். கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு மத்தியானத்திலிருந்து இருட்டும் வரை வேன் வேனாக ஆட்கள் இறங்குவார்கள். செவ்வாய், புதனில் போனால் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் மட்டும்தான்.

தரங்கம்பாடியில் அறை கிடைக்காவிட்டால் இரண்டு மாற்று உண்டு. ஒன்று காரைக்கால்; அரை மணிக்குள் வந்துவிடலாம், விடிகாலையில் சாலையும் காலி. இன்னொன்று பலருக்குத் தோன்றாது: திருக்கடையூர். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வருகிற குடும்பங்களை நம்பியே அங்கே ஏகப்பட்ட விடுதிகள். கல்யாணம் இல்லாத நாளில் அறைகள் சும்மா கிடக்கும், விலையும் படியும். தரங்கம்பாடி பக்கம்தான், பஸ் அடிக்கடி. வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அபிராமி தரிசனமும் ஆயிற்று. முகூர்த்த நாளில் மட்டும் போய்விடாதீர்கள். விடிகாலை நாலரைக்கே நாதஸ்வரம் ஆரம்பித்துவிடும். நீங்கள் தேடி வந்த அமைதி கெட்டிமேளத்தில் முடியும்.

கோடியக்கரை: காட்டுக்குள் ஒரு கடல்

அமைதியை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் முதலிடம் இதற்குத்தான். இந்த ஊர்க் குழகர் கோயில் சாமியைப் பார்த்து, கடற்காற்று இப்படி அடிக்கிற இடத்தில் உமக்கு யார் துணை என்று ஒரு நாயனார் இரங்கிக் கேட்டு ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் அந்தக் கேள்வி பழசாகவில்லை.

வேதாரண்யத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர். 1967-இலிருந்து வனவிலங்கு சரணாலயம், 2002-இல் ராம்சார் என்கிற உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். புல்வெளியில் வெளிமான் கூட்டம், மட்டக்குதிரைகள், உலக்கைப் பாலை மரக்காடு, ராமர் பாதம் என்கிற மணல் மேடு. கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் உப்பளத்துப் பக்கம் பூநாரைகள் வரும், சேற்றில் உள்ளான்கள் ஓடிக்கொண்டிருக்கும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கத்தில் மிச்சமிருந்ததை 2004 சுனாமி சாய்த்தது. காட்டை 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு வளர்ந்து நிற்கிற காட்டைத்தான் இப்போது பார்க்கிறோம்.

ஆனால் கடற்கரை என்று எதிர்பார்ப்பதை மாற்றிக்கொண்டு போக வேண்டும். இங்கே நீந்த முடியாது. தண்ணீர் ஆழமில்லை, சேறு. சரணாலயத்துக்குள் விடிந்த பிறகுதான் விடுவார்கள், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். நான் மேலே சொன்ன அந்த ஏழு மணி, எட்டு மணிக் கடல் இங்கே கிடையாது. அதற்கு ஈடு, வனத்துறையின் பூநாரை இல்லத்தில் அறை கிடைத்தால் ராத்திரி முழுக்கக் காட்டுச் சத்தமும் காற்றும். அந்த அறைக்கு நாகப்பட்டினம் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பறவை சீசனில் ஆராய்ச்சிக்காரர்களும் அதிகாரிகளும் முந்திக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் வேதாரண்யம் லாட்ஜ்தான். அங்கிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் வாசல் திறக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். வெளிமானும் வெயில் ஏறுவதற்கு முன்தான் கண்ணில் படும்.

இன்னொன்று, அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே மீன்பிடி சீசன். பல ஊர்களிலிருந்து மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். படகுத்துறைப் பக்கம் ஏலமும் ஐஸ் பெட்டியும் லாரியுமாக இருக்கும். அமைதி வேண்டுமென்றால் அதைத் தாண்டி நடக்க வேண்டும். மீன் சாப்பிட வேண்டுமென்றால் அங்கேயே நிற்க வேண்டும். அந்த சீசனில் வேதாரண்யத்து மெஸ்களில் கிடைக்கிற கொடுவா மீன் குழம்பு ஊருக்குத் திரும்பின பிறகும் பேச்சில் வரும். ஜனவரியிலிருந்து பங்குனி வரைக்கும் ஆமைகள் முட்டையிட வருகிற கரை இது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு மணலில் திரிவதை வனத்துறை விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

போக்குவரத்து முன்னைவிடப் பரவாயில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் பாதை 2023-இல் திரும்பத் திறந்தது. வண்டிகள் குறைவு, நேரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால் உப்பளம் கண்ணுக்கெட்டின வரை வெள்ளையாக விரியும். 1930-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பு அள்ளினதற்கான நினைவுத் தூணும் அங்கேதான். அங்கிருந்து கோடியக்கரைக்கு டவுன் பஸ் அல்லது ஆட்டோ. ஆட்டோவைப் பிடித்தால் திரும்பக் கூட்டிப்போகவும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். மாலையில் காட்டு வாசலில் நின்றுகொண்டு வண்டி தேடுவது சுகமில்லை.

மனோரா: குழந்தைகளுக்கும் முட்டி வலிக்காரர்களுக்கும்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மல்லிப்பட்டினம் பக்கத்தில், தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் அறுகோணமாக எட்டு அடுக்குக் கட்டடம். நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாடித் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-இல் எழுப்பினது. ஐரோப்பாவில் யாரோ யாரையோ ஜெயித்ததற்குச் சேதுபாவாசத்திரத்துக் கரையில் ஒரு கோபுரம்! நாடு கையில் இல்லாத ராஜா வேறு என்னதான் செய்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

கடல் இங்கே சாது. குழந்தைகள் கரையோரமாக நண்டு துரத்திக்கொண்டிருந்தால் நீங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கலாம் (கண் மட்டும் அங்கே இருக்கட்டும்). அடியில் கடற்புல் வளர்கிற பகுதி இது. அதை மேய வருகிற கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசுவைப் பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அது கரைக்கு வந்து காட்சி தராது.

தங்குவதற்குப் பட்டுக்கோட்டைதான் வசதி, அதாவது அரை மணிக்கு மேல் வண்டி ஓட்டம். அலை இல்லாத, ராத்திரி தங்க முடியாத கடலுக்கு எதற்கு ஒரு ராத்திரி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பி, அதிராம்பட்டினத்தில் இறால் வைத்த வாடா என்கிற பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு, சாயங்காலம் மனோராவில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு ஏற்ற இடம்.

பெயர்ப்பலகை இல்லாத கரைகள்

திருமுல்லைவாசல், வானகிரி, வேளாங்கண்ணிக்குத் தெற்கே காமேஸ்வரம், விழுந்தமாவடி, புஷ்பவனம். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் ஆளே இல்லாத மணல். இணையத்தில் படம் பார்த்துவிட்டு, கூடாரம் அடித்துத் தங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். அது மீனவ கிராமத்துக்காரர்களின் வேலை இடம். ராத்திரி இரண்டு மணிக்கு அவர்கள் கடலுக்குப் போகிற வழியில் நீங்கள் படுத்திருப்பீர்கள். முன்பின் தெரியாத ஆட்கள் இருட்டில் கரையில் இருந்தால் ஊராரும் கேட்பார்கள், கடலோரக் காவல் போலீசாரும் கேட்பார்கள். கழிப்பறை கிடையாது, பெண்களுக்கு அது பெரிய பிரச்சினை. வேளாங்கண்ணியில் வாரநாளில் மலிவாக அறை எடுத்துக்கொண்டு, விடிகாலையில் காமேஸ்வரம் பக்கம் போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்பி இட்லி சாப்பிடுவது நடக்கக்கூடிய காரியம். இரண்டாவது முறை தரங்கம்பாடிக்குப் போக மனமில்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

எந்த நாளில்

இடத்துக்குச் சமமாக நாளும் முக்கியம். பௌர்ணமியன்று சூரியன் ஊருக்குள் இறங்குகிற அதே சமயத்தில் நிலா கடலிலிருந்து எழும்பும். பலர் இதைக் குறிவைத்து வருவார்கள். நான் பௌர்ணமிக்கு மறுநாளைச் சொல்வேன். நிலா முக்கால் மணி நேரம் தள்ளி, நன்றாக இருட்டினபின், செம்பு நிறத்தில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும். கூட்டமும் போயிருக்கும். சித்ரா பௌர்ணமிக்குப் பூம்புகாரில் விழா, அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை: மூன்றும் பூம்புகாருக்கும் வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் கூட்டம் திரளுகிற நாட்கள். தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு அது நல்ல நாள். அமைதி தேடுகிறவர்கள் காலண்டரைப் புரட்டாமல் கிளம்பி, விடிகாலையில் ஆயிரம் பேரோடு கடலில் நிற்க நேரும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் புயலுக்கும் உரிய மாதங்கள். மழை நாளில் கடல் பார்க்க அழகுதான். ஆனால் கடலோரச் சாலைகள், குறிப்பாக நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, தண்ணீரில் நிற்கும். தையிலிருந்து பங்குனி வரை எல்லாக் கரைக்கும் பொருந்தும். சித்திரை, வைகாசியில் பகலில் வெளியே தலை காட்ட முடியாது. மத்தியானத்துக்குமேல் கடல் காற்று எடுத்ததும் நிலைமை மாறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் நாட்டுப் படகும் ஃபைபரும் கொண்டுவருகிற மீன்தான். பெரிய வஞ்சிரம், வாவல் எல்லாம் விலை ஏறிவிடும். சாப்பாட்டை முக்கியமாக வைத்துப் பயணம் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். விடுதிக்காரர்களே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்: "இப்ப வாராதீங்க சார், ஜூன் கடைசியில வாங்க, நண்டு நல்லா கிடைக்கும்."

யாருக்கு எது

கல்யாணமாகிப் புதிதாகக் கிளம்புகிறவர்களும், பேசாமல் புத்தகம் படிக்க ஒரு இடம் தேடுகிறவர்களும் யோசிக்கவே வேண்டாம். தரங்கம்பாடி, வாரநாள், கடலோர அறை. காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. இரண்டு ராத்திரிக்கான காசை ஒரே ராத்திரிக்குக் கொடுத்தாலும், அந்த இரண்டு வேளைக் கடல் கையில் கிடைக்கிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் திருக்கடையூரில் தங்கி, சாயங்காலமும் விடிகாலையும் காரில் தரங்கம்பாடிக்கு வந்து போகலாம். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறையும் மேற்கத்தியக் கழிப்பறையும் அங்கே சுலபமாகக் கிடைக்கும், சாப்பாடும் சைவமாகக் கிடைக்கும்.

கையில் பைனாகுலர் இருக்கிறவர்கள், அல்லது பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் மார்கழி, தையில் கோடியக்கரை. பொங்கல் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் மனோரா, அதுவும் பகல் பயணமாக. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து பாட்டு, பேச்சு என்று இருக்கப் போகிறார்கள் என்றால் காரைக்காலுக்கே போகட்டும். தரங்கம்பாடியில் எட்டு மணிக்குமேல் சத்தம் போட்டால் தெரு முழுக்கக் கேட்கும்.

தனியாகப் பயணம் போகிற பெண்கள் கேட்டால் தரங்கம்பாடியைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: இருட்டினபின் கோட்டை மைதானத்தை விட்டு வடக்கே கல் அரண் பக்கம் தனியாகப் போக வேண்டாம். அங்கே விளக்கு போதாது, கல்லும் வழுக்கும். மைதானத்து ஓரத்தில் வெளிச்சத்தில் உட்கார்ந்தாலே கடல் எதிரில்தான் இருக்கிறது.

அறையைப் பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை மூன்று. ஜன்னல் கடலைப் பார்த்ததா, தெருவைப் பார்த்ததா? ராத்திரி கேட்டைப் பூட்டினால் விடிகாலை ஐந்தரைக்குத் திறந்துவிட ஆள் இருக்குமா? ராத்திரிச் சாப்பாடு உண்டா, இல்லை பொறையாருக்குப் போக வேண்டுமா? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஐந்தரைக்கு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, பூட்டின கிரில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, காவலுக்குப் படுத்திருக்கும் பெரியவரை எழுப்பலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பதற்குள் சூரியன் மேலே வந்துவிடும். முதல் நாள் ராத்திரியே அவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.